அஞ்சறைப் பெட்டியும் ஆசாரமும்

சென்ற மாதத்தில் ஒரு நண்பருடைய தகப்பனாரின் திவசத்திற்கு நாம் போக நேர்ந்தது. திவசத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது அந்த நண்பருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பழக்கத்தை முன்னிட்டு அழைத்தார். நாமும் சினேகத்தை முன்னிட்டுப் போனோம். இலையில் பரிமாறினவற்றில் மிளகாய் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மிளகு. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, தக்காளியும் இல்லை. வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டைத் துவையலுமாக இருந்தன. சமையல் செய்த பெரியவரிடம், "ஏன் ஐயா, மிளகாயைக் காணோமே?" என்று கேட்டோம். "அது பித்ருக்களுக்கு ஆகாதுங்க" என்றார். "ஏன் ஆகாது?" என்றோம். "சாஸ்திரத்தில் இல்லீங்க" என்றார். "சாஸ்திரத்தில் ஏன் இல்லை?" என்று கேட்டதற்கு நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவர் சொல்லாமல் போன பதிலை நாம் சொல்லிவிடுகிறோம். சாஸ்திரத்தில் மிளகாய் இல்லாததற்குக் காரணம், சாஸ்திரம் எழுதினவர்கள் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை என்பதுதான். அந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ முதலிய அமெரிக்க தேசங்கள். அங்குள்ள ஜனங்கள் பல்லாயிரம் வருஷங்களாக அதைப் பயிரிட்டுத் தின்று வந்தார்கள். 1492-ல் கொலம்பஸ் மிளகு முதலிய சரக்குகளைத் தேடி மேற்கே கப்பல் விட்டு, மிளகே இல்லாத தேசத்தில் போய் இறங்கி, அங்கே உறைப்பாயிருந்த இந்தப் பழத்தைப் பார்த்து, இதுவும் ஒரு மிளகுதான் என்று சொல்லித் தம் மனதைச் சமாதானம் செய்துகொண்டார். பிறகு 16-வது நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலேறி அது கோவாவுக்கும் மேற்குக் கரைக்கும் வந்தது. நம்மவர்களும் மிளகைப்போல் உறைக்கின்ற காயாயிருக்கிறதே என்று மிளகாய் என்றார்கள். அதன் பேரிலேயே அது பின்னால் வந்த சரக்கு என்பது எழுதி ஒட்டியிருக்கின்றது.

ஒரு விதத்தில் ஆசாரக்காரரை இவ்விஷயத்தில் நாம் பாராட்டவும் வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இந்நாட்டு அடுப்பங்கரை எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு பொருட்காட்சி சாலை வேண்டுமானால், அது திவசச் சமையல்தான். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை என்கின்றார்கள். கப்பல் வருவதற்கு முன் என்ன இருந்ததோ அதுவே சுத்தம். கப்பலில் வந்தது அசுத்தம். இதில் தெய்வீகம் என்ன இருக்கின்றது? முக்காலமும் உணர்ந்தவர்கள் என்று சொல்லப்படுகின்ற ரிஷிகளுக்கு, பின்னொரு காலத்தில் இந்தத் தேசத்து ஜனங்கள் அத்தனை பேரும் காலையிலும் மாலையிலும் மிளகாய் தின்பார்கள் என்கின்ற ஒரு சிறு சங்கதிகூட ஞான திருஷ்டியில் தெரியாமல் போனதேன் என்றுதான் கேட்கின்றோம்.

ஞான திருஷ்டி என்றதும் இன்னொரு திருஷ்டி ஞாபகத்திற்கு வருகின்றது. குழந்தைக்குக் கண்ணேறு பட்டதென்று உப்பையும் கடுகையும் வரமிளகாயையும் கையில் மூடித் தலையைச் சுற்றி அடுப்பில் போடுகின்றார்கள். நெடி வந்தால் திருஷ்டி இல்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்து கழிந்துவிட்டது என்கின்றார்கள். எரிகின்ற அடுப்பில் தீ நாக்கு நீட்டி எரிந்தால், நாலு மிளகாய் முழுசாகச் சாம்பலாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். தணிந்த கங்கில் போட்டால் கருகிக் காந்தி, வீட்டிலுள்ளவர்கள் அத்தனை பேரும் இருமுவார்கள். ஆகவே திருஷ்டி இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுவது விறகே ஒழிய வேறில்லை. அப்படித்தான் இருக்கட்டும், மிளகாய் வந்ததே ஐந்நூறு வருஷத்திற்குள் என்றால், அதற்கு முன்னால் பிறந்த குழந்தைகளுக்குத் திருஷ்டி எப்படிக் கழிந்தது? கடைவாசலில் எலுமிச்சம் பழத்தோடு பச்சை மிளகாயைக் கோத்துத் தொங்கவிடுகின்ற வியாபாரிகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஐயாவாடியில் அமாவாசைதோறும் மிளகாயைக் கொட்டி யாகம் செய்கின்றார்கள். அவ்வளவு மிளகாய் எரிந்தும் நெடி இல்லை, இது அம்மனுடைய மகிமை என்று கூட்டம் கூடுகின்றது. நெய்யும் சமித்தும் போட்டு வளர்த்த பெருந்தீயில் எரிகின்றதற்கும், தோசைக்கல்லில் வறுபடுகின்றதற்கும் வித்தியாசம் உண்டென்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். அதே மிளகாயில் ஒரு படியைக் கதவடைத்த அறையில் வெறுங்கங்கில் போட்டு, மகிமை சொல்லுகின்றவர்கள் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து காட்டட்டும். வெளியே வரும்போது மூக்கும் கண்ணும் வறண்டிருந்தால் நாம் நம்முடைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளத் தயாராயிருக்கின்றோம்.

காரம் என்பதை அறுசுவையில் ஒன்றாக எண்ணிக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் அது சுவையே அல்ல, வலி. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்கின்ற பொருள், நாக்கிலும் தோலிலும் சூட்டைக் கண்டு மூளைக்குச் சொல்லுகின்ற நரம்புகளின் வாயிலைப் போய்த் திறந்துவிடுகின்றது. சுமார் 43 டிகிரி சூட்டில் தானாகத் திறக்கவேண்டிய கதவு, சூடே இல்லாமல் திறந்துகொள்ளுகின்றது. மூளை வாய் வெந்துவிட்டதென்று எண்ணி வியர்வையையும் கண்ணீரையும் அனுப்புகின்றது. டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1997-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தார். 2021-ல் அவருக்கும் அர்டெம் படபூடியனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் உறைப்புக்குத் தண்ணீர் குடித்தால் அடங்காமல் தயிர் சாப்பிட்டால் அடங்குகின்றது. பறவைகளின் கதவு இதற்குத் திறப்பதில்லை. கூண்டுக் கிளி பச்சை மிளகாயைக் கொறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்ததில்லையா? விதையைப் பல்லால் அரைக்கின்ற மிருகங்களை விரட்டி, விதையை முழுசாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடுகின்ற பறவைகளை வரவேற்பதற்காக அச்செடியில் ஏற்பட்ட காவல் அது. மனிதன்தான் காவலைத் தாண்டிப் போய் அந்த வலியையே ருசியென்று பழகிக்கொண்டான். ஆண்டவன் நமக்காகப் படைத்தார் என்று யாராவது சொன்னால், நம்மை விரட்டத்தான் படைத்தார் என்று சொல்லவேண்டியிருக்கும்.

உறைப்பும் புளிப்பும் உப்பும் ராஜச குணமுள்ளவர்களுக்குப் பிரியமானவை என்று கீதையின் 17-வது அத்தியாயம் சொல்லுகின்றது. இதை வைத்துக்கொண்டு மிளகாய் தின்றால் கோபம் வரும், வெங்காயம் பூண்டு தின்றால் தாமசம் வரும் என்று உபந்நியாசம் செய்கின்றார்கள். மனுதர்ம சாஸ்திரமோ 5-வது அத்தியாயத்தில் பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றை இருபிறப்பாளன் தின்னக்கூடாதென்றும், தெரிந்து தின்றால் பதிதனாவான் என்றும் விதிக்கின்றது. அதாவது ஒரு பல் பூண்டினால் ஒரு மனிதனுடைய ஜாதியே போய்விடும்!

இந்த இடத்தில் பெருங்காயத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. வெங்காயமும் பூண்டும் விலக்கின வீடுகளில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் உயிர் கொடுப்பது பெருங்காயம்தான். அது எங்கே விளைகின்றது? ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் மத்திய ஆசிய வறண்ட மலைகளிலும். அங்கே ஒருவகைச் செடியை ஐந்து வருஷம் போல வளரவிட்டு, அதன் கிழங்கு வேரைக் கீறி, வடிகின்ற பாலை உறையவைத்துச் சுரண்டி எடுக்கின்றார்கள். சுரண்டுகின்றவர் முஸ்லிம்; மூட்டை கட்டுகின்றவர் முஸ்லிம்; பல கை மாறி இங்கே வந்தபின், கோதுமை மாவும் பிசினும் கலந்து டப்பியில் அடைத்து விற்கின்றார்கள். இதை எந்த ஆசாரக்காரரும் தொட்டுத் தெளித்துச் சுத்தி செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மிலேச்ச தேசம் என்றும், கடல் தாண்டினால் பிராயச்சித்தம் என்றும் பேசினவர்கள் பெருங்காயத்துக்கு மட்டும் பிராயச்சித்தம் கேட்கவில்லை.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கின அதே மனு, அடுத்த சுலோகத்திலேயே மரத்தில் கசிகின்ற சிவந்த பிசினையும், வெட்டினால் ஒழுகுகின்ற பாலையும் விலக்கச் சொல்லுகின்றார். பெருங்காயம் வெட்டினதால் ஒழுகினது தவிர வேறு என்ன? இது மரமல்ல, செடி. சிவப்பல்ல, பழுப்பு என்று வியாக்கியானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வேண்டியதற்கு வியாக்கியானமும் வேண்டாததற்கு விதியும் வைத்துக்கொள்ளுவது அவர்களுக்குப் புதிதல்லவே. விஞ்ஞானத்தைக் கேட்டாலோ, பெருங்காயத்தின் வாடையும் பூண்டு வெங்காயத்தின் வாடையும் கந்தகம் சேர்ந்த பொருள்களாலேயே ஏற்படுகின்றன. அதாவது வெங்காயத்தை வாசல் வழியே துரத்திவிட்டு, அதன் தாயாதியைக் கொல்லைப்புற வழியே அழைத்துவந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் குடிவைத்திருக்கின்றார்கள். சென்ற பல வருஷங்களாக இந்தியா வருஷத்திற்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாக சர்க்கார் விஞ்ஞானிகளே சொன்னார்கள். 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் விஞ்ஞானக் கூடத்தார் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் செடியை நட்டார்கள். அவ்வளவு பெரிய தேவை எங்கிருந்து வந்ததென்று நினைக்கின்றீர்கள்?

நமது பண்டிதர்கள் சிலர் மிளகைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் பூரித்துப் போகின்றார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. மிளகு மேற்கு மலைத் தொடரின் கொடி. கி.மு. 1213-ல் செத்த எகிப்து அரசன் இரண்டாம் ராமசேசின் பிணத்து மூக்கில் மிளகு மணிகள் அடைத்திருந்தன. செங்கடல் கரைப் பெரெனிகே துறைமுகத்தில் ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அந்த எகிப்து சாமியும் நம்முடைய மிளகை ஜாதி கேட்காமல் வாங்கிக்கொண்டது. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்லுகின்றது. கறி என்றால் அந்நாளில் மிளகு. ரோமாபுரியின் பிளினி, இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகின்றதென்றும், வெறும் காட்டத்துக்காக ஜனங்கள் இதை விரும்புகிறார்களே என்றும் அலுத்துக்கொண்டார். 408-ல் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிட்டு விடுதலைப் பணமாகக் கேட்டவற்றில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று.

இவையெல்லாம் சரி. ஆனால் வந்த பொன் எங்கே போயிற்று என்பதைப் பண்டிதர்கள் சொல்லுவதில்லை. மரத்தில் ஏறி மிளகு பறித்தவன் வீட்டில் ஒரு ரோமாபுரிக் காசாவது தங்கியிருக்குமா? அரசனுக்கும் வணிகனுக்கும் போனது போக, மிஞ்சியது வேண்டுமானால் கோயிலுக்குப் போயிருக்கலாம். வாசனைப் பண்டங்களின் சரித்திரம் முழுதும் இப்படித்தான் இருக்கின்றது. வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்ததும், 1510-ல் கோவா, 1511-ல் மலாக்கா என்று பீரங்கி பேச ஆரம்பித்தது. டச்சுக் கம்பெனியார் 1621-ல் பாண்டாத் தீவுகளில் ஜாதிக்காய்க்காகச் செய்த கொலையில், ஏறக்குறைய 15,000 பேர் இருந்த ஜனங்களில் சுமார் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள்; தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஜாதிக்காய் என்று அதற்குப் பேர் வைத்தவன் என்ன நினைத்து வைத்தானோ, ஜாதியைப் போலவே அதுவும் மனிதனைத் தின்றது.

இலங்கையில் நடந்ததோ நமக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது. அங்கே கறுவாப்பட்டை உரிப்பது சலாகம என்னும் ஒரு ஜாதியாரின் பிறவிக் கடமையாக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து குடியேறினவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லுகின்ற ஜாதி அது. சிங்கள அரசன் விதித்தான், போர்ச்சுகீசியர் தொடர்ந்தார்கள், 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர் அதைச் சங்கிலியாக இறுக்கினார்கள். வருஷத்துக்கு இவ்வளவு பட்டை என்று ஒவ்வொருவன் தலையிலும் கணக்கு. கள்ளத்தனமாகப் பட்டை விற்றாலும் மரத்தை அழித்தாலும் மரண தண்டனை. வெள்ளைக்காரனுக்கு ஜாதி கிடையாது. ஆனால் கூலி கொடுக்காமல் வேலை வாங்க ஜாதியைவிடச் சௌகரியமான ஏற்பாடு உலகத்திலில்லை என்பதை அவன் வந்தவுடன் கண்டுகொண்டான். கறுவா ஏகபோகம் 1833-ல் இங்கிலீஷ்காரர் காலத்தில்தான் ஒழிந்தது.

இன்றைக்கும் போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போய், இடுக்கி ஏலத் தோட்டங்களில் குனிந்த இடுப்பு நிமிராமல் காய் எடுத்துவிட்டு இருட்டினபின் திரும்புகின்றார்கள். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது என்கின்ற செய்தி வரும்போது மாத்திரம் அவர்கள் பத்திரிகையில் இடம் பெறுகின்றார்கள். அவர்கள் எடுத்த காய்தான் பிரசாதப் பாயசத்தில் மணக்கின்றது. அந்தக் கைக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று ஏலக்காயிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கைக்காரி வந்து அதே மடைப்பள்ளியில் கரண்டி பிடிக்கின்றேன் என்றால் என்ன சொல்லுவார்கள்?

இதெல்லாம் தின்பண்டத்தைப் பற்றிய வெட்டிப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. 2019-ல் கர்நாடகத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கின்ற ஒரு மத ஸ்தாபனம் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பது பெரிய வாதமாயிற்று. பிள்ளைகளுக்கு ருசிக்கவில்லை, இலையில் மிச்சம் வைக்கின்றார்கள் என்றனர் ஒரு சாரார். சத்துக்குக் குறைவில்லை என்றனர் மற்றொரு சாரார். 2020-ல் சென்னையிலும் மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவு விஷயத்தில் இதே ஆட்சேபம் எழுந்தது. வெங்காயம் இல்லாவிட்டால் பிள்ளை செத்துப்போகும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதிலுள்ள சத்தை வேறு காயிலும் கொடுக்கலாம். நாம் கேட்பது வேறு. சர்க்கார் அரிசியில், ஜனங்கள் வரிப் பணத்தில் வேகின்ற சோற்றில் ஸ்தாபனத்தாருடைய விரதம் ஏன் கலக்கவேண்டும்? வீட்டில் பூண்டுக் குழம்பும் வெங்காயத் துவையலும் தின்று வளர்ந்த கூலிக்காரன் பிள்ளைக்கு, "உன் அம்மா சமைப்பது தாமசம்" என்று எழுத்து கற்பதற்கு முன்னாலேயே தட்டில் வைத்துக் கற்பிப்பதாக ஆகவில்லையா? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கின காலை உணவுத் திட்டத்தை சர்க்காரே நடத்துவதென்று ஏற்பாடு செய்தது இதனாலேயே சரியான காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

பழையதுதான் நம்முடையது என்பதும் நிலைக்காது. இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த செடி கரிசலில் வேரூன்றி, ராமநாதபுரத்துக்காரனாகவே ஆகிவிட்டது, நாமும் சந்தோஷப்படுகின்றோம். ஒரு செடிக்கு நானூறு, ஐந்நூறு வருஷத்தில் கிடைக்கின்ற ஊர் உரிமை, ஊருக்கு வெளியே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்ற மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரோட்டு மண்டியில் மூட்டை மூட்டையாகக் குவிகின்ற கிழங்கு அது. அதன் மஞ்சள் நிறப் பொருள் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆலம் சுற்றுகின்ற தண்ணீர் ரத்தமாய்ச் சிவப்பதும், மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்தால் குங்குமமாவதும் இந்த ஒரு ரசாயனத்தால்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காரமா அமிலமா என்று பார்க்க மஞ்சள் தடவின காகிதத்தை உபயோகிக்கின்றார்கள். இந்தக் கிழங்கைத்தான் புருஷன் உயிரோடிருக்கின்றவள் பூசலாம், செத்தவள் பூசக்கூடாது என்று வைத்திருக்கின்றார்கள். பெண்சாதி செத்த ஆண்பிள்ளைக்கு எந்தக் கிழங்கும் விலக்கில்லை.

திவச வீட்டில் நண்பருடைய தாயார் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் அம்மியில் மஞ்சளும் மிளகாயும் அரைத்து, விரல் நுனியில் மஞ்சள் ஏறி நகமெல்லாம் பழுத்துப்போன அம்மாள் அவர். இன்றைக்கும் குழம்புக்கு மஞ்சள்பொடி போடுவது அவர்தான். அந்த மஞ்சளை எல்லோரும் சாப்பிடலாம். முகத்தில் பூசினால்தான் குற்றம். வருகிற தை மாதத்தில் அவருடைய பேத்திக்குக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது அவர் எங்கே நிற்பார் என்று நண்பரைக் கேட்டோம். நண்பர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "முதல் மஞ்சள் அம்மா கையால் பூசட்டும். யார் எழுந்து போனாலும் போகட்டும்" என்றார். நமக்கு அழைப்பு வந்திருக்கின்றது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகின்றோம்.